எச்.ஐ.வி.யுடன் வளர்ந்த பிள்ளைகள்: பெரியவர்களின் கிளினிக்குக்கு அவர்களைக் கூட்டிப்போவது யார்?

ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி எமது பகுதியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2013 செப்டெம்பரில் பெரிய விழா எடுத்துத் திறந்தார்கள். அலைதடுப்புச் சுவர் இருந்தது, கட்டடங்கள் இருந்தன, உள்ளே படகு நிறுத்த இடமும் இருந்தது. ஆனால் துறைமுகத்தின் வாயை மணல் வந்து மூடியது. உள்ளே நின்ற படகு கடலுக்குப் போக முடியாமலும், கடலில் நின்ற படகு உள்ளே வர முடியாமலும் எமது மீனவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது.

மருத்துவத்திலும் இப்படி ஒரு வாய் இருக்கின்றது. பிறவியிலேயே ஒரு நோயுடன் வந்த பிள்ளை பல வருடங்களாக சிறுவர் வைத்தியரிடம் சிகிச்சை பெற்று நன்றாக வளர்கின்றது. வெளியே பெரியவர்களுக்கான சிகிச்சையும் தயாராக இருக்கின்றது. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் அந்த இரண்டு மூன்று வருடங்களில்தான் பிள்ளை தவறிப்போகின்றது. நீரிழிவு, தலசீமியா, இருதய நோய் எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் எச்.ஐ.வி.யில் இந்த வாய் மிகவும் ஒடுங்கியது. அதை ஒடுக்குகின்ற மணலில் ஒரு பங்கு நாமே கொட்டியது என்பதால்தான் இதை இங்கே எழுதுகின்றேன்.

"எங்கட ஊர்ல அப்படி யாரும் இல்லையே" என்று சிலர் உடனே சொல்லக்கூடும். இருக்கின்றார்களா இல்லையா என்று தேடுவது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. வேறு யாரும் தேடவும் கூடாது. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அதற்கு எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊராக இருக்கும் என்பதே கேள்வி.

முதலில் சில அடிப்படை விடயங்கள். தாய்க்கு எச்.ஐ.வி. இருந்து, எந்தச் சிகிச்சையும் எடுக்காவிட்டால், கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கின்றது. தாய் ஒழுங்காக மருந்து எடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும். இலங்கையர் ஒருவருக்கு இத்தொற்று முதன்முதலில் பதிவானது 1987இல். 2004 இறுதியில் அரசாங்கம் இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது. பின்னர் கருவுற்ற தாய்மார் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை என்ற நிலை வந்தது. இப்போது எமது பெண்கள் முதல் கிளினிக்குக்குப் போகும்போது எடுக்கும் இரத்தத்தில் இந்தப் பரிசோதனையும் அடங்கும். இதன் பலனாக 2019 டிசம்பரில், தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. அதே ஆண்டில்தான் மாலைதீவும் அந்த அங்கீகாரத்தைப் பெற்றது. மலேசியா அதற்கு முந்திய ஆண்டு.

இது பெருமைப்படவேண்டிய சாதனைதான். ஆனால் இந்தச் சாதனைக்கு முன்னர் பிறந்த பிள்ளைகள் ஏற்கனவே பிறந்துவிட்டார்கள். மருந்து கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினார்கள். இன்று அவர்கள் பதின்ம வயதிலும் இருபதுகளிலும் இருக்கின்றார்கள். புதிதாகப் பிறப்பவர்களில் இந்தத் தொற்று மிக அரிதாகிவிட்டதால் இவர்கள் சிறு தொகையினர். சிறு தொகை என்பது சுகாதார அமைச்சுக்கு நல்ல செய்தி. அந்தப் பிள்ளைக்கு அது தனிமை. தன்னைப்போல இன்னொரு பிள்ளையை வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிராமலே அது வளர்ந்துவிடலாம்.

இப்போது மருந்து விடயம். முன்னர் இந்தக் குழந்தைகளுக்குக் கசப்பான பாணி மருந்து கொடுத்து, துப்பினால் மீண்டும் கொடுத்து, உம்மாமார் படாத பாடு பட்டார்கள். 2020இல் டொலுடெக்ராவிர் என்ற மருந்து தண்ணீரில் கரையும் குழந்தைக் குளிசையாக, ஸ்ட்ரோபெரி சுவையில் வந்தது. நிறை 20 கிலோவைத் தாண்டினால் அதே மருந்தின் பெரியவர் குளிசையைக் கொடுக்கலாம். 30 கிலோவைத் தாண்டினால் மூன்று மருந்து சேர்ந்த, பெரியவர்கள் எடுக்கும் அதே ஒற்றைக் குளிசைதான், நாளுக்கு ஒன்று. 30 கிலோ என்பது ஏறக்குறைய பத்து வயதுப் பிள்ளையின் நிறை. குளிசை அப்போதே பெரியவர் குளிசையாகிவிடுகின்றது. பிள்ளை பெரிய ஆளாக இன்னும் எட்டு, பத்து வருடங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியில் குளிசையை எடுத்துத் தருவதும், திகதியை நினைவில் வைப்பதும், கிளினிக்கில் வரிசையில் நிற்பதும் உம்மா, அல்லது மூத்தம்மா, அல்லது சாச்சி. பிள்ளைக்கு வாயைத் திறக்கும் வேலை மட்டும்தான்.

பிறகு ஒருநாள் அந்த ஆள் இல்லாமல் போகின்றார். பல குடும்பங்களில் தாயோ தந்தையோ இதே நோயில் முன்னரே மௌத்தாகியிருப்பார். வளர்த்த மூத்தம்மாவுக்கும் வயதாகிவிடும். பிள்ளை சாதாரண தரம் எழுதிவிட்டு வேறு ஊருக்குப் படிக்கப் போகும், அல்லது வேலைக்குப் போகும். குளிசை நிற்கும். நின்ற சில வாரங்களில் கிருமி இரத்தத்தில் மீண்டும் பெருக ஆரம்பிக்கும். விட்டு விட்டு எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகி, அந்த மருந்து இனி வேலை செய்யாது. சிறுவயது முதலே மருந்தெடுத்த பிள்ளைக்கு மாற்று மருந்துகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மிஞ்சியிருக்கும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2005 முதல் 2012 வரை உலகத்தில் எய்ட்ஸ் மரணங்கள் நூற்றுக்கு 30 வீதம் குறைந்தன. அதே காலத்தில் பதின்ம வயதினரிடம் அவை நூற்றுக்கு 50 வீதம் கூடின. உலக சுகாதார ஸ்தாபனம் 2013இல் இந்தக் கணக்கை வெளியிட்டபோதுதான் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நடுவே ஒரு கூட்டம் விடுபட்டுப்போனது பலருக்கு உறைத்தது.

இலங்கையில் இதற்கு இன்னொரு சிக்கல் சேர்கின்றது. எமது நாட்டில் எச்.ஐ.வி. சிகிச்சை, பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் ஊடாகவே நடக்கின்றது. தலைமையகம் கொழும்பு டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய பாலியல் நோய் மற்றும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம். மாவட்டங்களில் வைத்தியசாலைகளோடு சேர்ந்த கிளினிக்குகள். சிகிச்சை தருவது பாலியல் நோய் விசேட வைத்திய நிபுணர். சேவை இலவசம், இரகசியம் பேணப்படும், வேலையும் திறமாக நடக்கின்றது. நிர்வாக ரீதியில் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் கண்ணால் அந்தப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். சிறுவர் பிரிவில் சுவரில் மிருகப் படங்கள் இருந்தன, தாதிமார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், உம்மா பக்கத்தில் இருந்தார். இப்போது "பாலியல் நோய்" என்று எழுதிய கதவுக்குள்ளே தனியாகப் போகவேண்டும். இந்தப் பிள்ளைக்கும் அந்தச் சொல்லுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பிறந்ததைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லை. வாசலில் யாராவது ஊராள் கண்டால் என்ன நினைப்பார் என்று அதற்குத் தெரியும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் என்று வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்கள் எங்களுடையவை. ஓட்டோ ஓட்டுபவருக்கும் வாப்பாவைத் தெரியும், வைத்தியசாலைக் காவலாளிக்கும் வாப்பாவைத் தெரியும். ஒரு பெண்பிள்ளையை அந்த வாசலில் கண்டால் கதை மஃரிபுக்கு முன்னர் ஊர் சுற்றிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள்ளே இருக்கின்றது. பிள்ளைக்குத் தன் நோயின் பெயர் தெரியாது.

"இரத்தம் குறைவு", "நெஞ்சில் சளி", "சத்துக் குளிசை" என்று ஏதாவது சொல்லி வைத்திருப்பார்கள். சொல்லாததற்குக் காரணம் அன்புதான். பிள்ளை உடைந்துபோகும், பாடசாலையில் வாய்தவறிச் சொல்லிவிடும், அதைவிட, "உங்களுக்கு எப்படி வந்தது" என்று உம்மாவைக் கேட்டுவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல தாய்மார் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகின்றார்கள். எத்தனையோ தாய்மாருக்கு இது கணவனிடமிருந்து வந்தது, அதைச் சொன்னால் வாப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். சிலவேளை வாப்பா மௌத்தாகி, அவரை நல்ல மனிதராகவே பிள்ளை நினைவில் வைத்திருக்கும். அவர் நல்ல மனிதராகவே இருந்திருக்கவும் கூடும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டல், 6 முதல் 12 வயதுக்குள், பிள்ளையின் புத்திக்கு ஏற்றவாறு படிப்படியாகச் சொல்லி முடிக்கவேண்டும் என்கின்றது. ஆறு வயதில் "உன் இரத்தத்தில் ஒரு கிருமி நித்திரையாக இருக்கின்றது, இந்தக் குளிசை அதை எழும்பவிடாது" என்றால் போதும். பத்து, பதினொரு வயதில் பெயரைச் சொல்லலாம். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால், பதினைந்து வயதில் தெரியவரும் பிள்ளை நோயை மட்டும் அறிவதில்லை, பத்து வருடமாக வீட்டார் பொய் சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே அறிகின்றது. குளிசையைத் தூக்கி எறிவது பெரும்பாலும் அந்தக் கோபத்தில்தான்.

எமது கரையோரத்துக்கே உரிய ஒரு அபாயமும் இருக்கின்றது. இங்குள்ள இளைஞன் பதினெட்டு, இருபது வயதில் கட்டார், சவூதி, குவைத் என்று பாஸ்போர்ட் எடுப்பான். வளைகுடா நாடுகளின் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் அடங்கும். தொற்று இருந்தால் தகுதியில்லை. "சத்துக் குளிசை" என்று நம்பி வளர்ந்த பையனுக்குத் தன் நோயின் பெயர் அந்த அறிக்கையில், ஏஜென்சிக்காரரின் முன்னால் தெரியவந்தால் எப்படியிருக்கும்? வீட்டார் பதினொரு வயதில் சொல்லத் தயங்கியதை மெடிக்கல் சென்டர் ஒரு சொல்லில் சொல்லிவிடும். வளைகுடாவை நம்பி எதிர்காலத்தைத் திட்டமிடும் சமூகம் நாங்கள். இந்தப் பிள்ளைக்கு வேறு திட்டம் தேவை என்பதை அதற்கு நேரத்தோடு சொல்ல வேண்டாமா? நல்ல தொழிற்பயிற்சி, நல்ல படிப்பு, உள்ளூரில் ஒரு வியாபாரம் என்று யோசிக்க ஐந்து வருடமாவது வேண்டும்.

வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்ற பயம் வீணானதல்ல என்பதற்கு குளியாப்பிட்டியே சாட்சி. 2016இல் அங்கே ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடசாலையில் சேர்த்தபோது, அவனுடைய தந்தை எய்ட்ஸில் இறந்தார் என்ற கதை பரவியது. மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தார்கள். பல பாடசாலைகள் கதவை மூடின. அந்தச் சிறுவனுக்குத் தொற்று இல்லை என்று மருத்துவ அறிக்கை இருந்தும் பயனில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, எச்.ஐ.வி. ஒரு பிள்ளையின் கல்வி உரிமைக்குத் தடையாக முடியாது என்பது அங்கே உறுதியானது. தொற்றே இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாடு.

அது வேறு ஊர், வேறு ஆட்கள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2020இல் கொரோனா வந்தபோது நோயை வைத்து ஒரு சமூகத்தையே எப்படி அடையாளமிடலாம் என்பதை இந்த நாட்டில் எம்மைவிட நன்றாக அனுபவித்தவர்கள் யார்? ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க அனுமதி கிடைக்கும்வரை நாம் காத்திருந்ததும் பழைய கதை அல்ல. நோயாளியின் மீது நோயைவிடப் பெரிய பாரத்தை ஏற்றினால் அது எப்படி அழுத்தும் என்று எமக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகும் எமக்குள் ஒரு பிள்ளையின் மீது நாம் அதையே ஏற்றினால் அதற்கு மன்னிப்பில்லை.

சரி, எப்படிக் கடத்துவது? வெளிநாடுகளில் நன்றாக நடந்த இடங்களில் எல்லாம் ஒரே வழியைத்தான் காண்கின்றோம். ஒரு திகதியில் கோப்பைத் தூக்கி மற்ற இடத்துக்கு அனுப்புவதில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே வைத்தியர் பிள்ளையோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேச ஆரம்பிக்கின்றார். உம்மா வெளியே இருப்பார். அடுத்த வருடம் பத்து நிமிடம். பிள்ளை தன் குளிசையின் பெயரைச் சொல்லப் பழகுகின்றது, இரத்தத்தில் கிருமி எவ்வளவு என்ற பரிசோதனை முடிவைத் தானே வாசிக்கப் பழகுகின்றது, மருந்து முடிய ஒரு கிழமைக்கு முன்னர் தானே நினைவூட்டப் பழகுகின்றது. புதிய வைத்தியரை முதல்முறை சந்திக்கும்போது பழைய வைத்தியரும் கூட இருக்கின்றார். பரீட்சை வருடத்தில், வீட்டில் ஒரு மௌத் நடந்த நேரத்தில், உடம்பு சுகமில்லாத நேரத்தில் மாற்றுவதில்லை. மாற்றிய பிறகு ஒரு கிளினிக் தவறினால் யாராவது தேடிக் கேட்கின்றார்கள்.

சிம்பாப்வேயை உதாரணமாகச் சொல்வது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். பணமில்லாத நாடு என்பதால்தான் சொல்கின்றேன். அங்கே 2004இல் ஸ்வாந்திரி என்ற ஒரு திட்டம் தொடங்கியது. "நான் இருப்பது போலவே" என்பது அந்தச் சொல்லின் பொருள். தொற்றோடு வாழும் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து, தம்மைவிட இளையவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். மருந்தைப் பற்றியும் பேசுவார்கள், காதல், படிப்பு, வாப்பாவோடு சண்டை எல்லாவற்றையும் பற்றியும் பேசுவார்கள். 13 முதல் 19 வயதினரிடம் இதை ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருட முடிவில், வழமையான கிளினிக் மட்டும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு மருந்து கட்டுப்படாமல் போயிருந்தது அல்லது அவர்கள் இறந்திருந்தார்கள். இந்த நானா, ராத்தாமார் வந்துபோன பிள்ளைகளில் அது 25.

இலங்கையில் தொகை குறைவு என்பதால் ஊருக்கு ஊர் இப்படிச் செய்ய முடியாது. ஆனால் கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன், பெயரைக்கூடச் சொல்லாமல், தொலைபேசியில் ஒரு கிழக்கு மாகாணப் பிள்ளையோடு தமிழில் பேசலாமே. தமிழில் என்பதை அழுத்திச் சொல்கின்றேன். மனதைத் திறந்து பேசவேண்டிய விடயத்தை இரண்டாம் மொழியில் பேச முடியாது.

சட்டமும் உதவலாம். இந்தியா 2017இல் எச்.ஐ.வி. பற்றித் தனிச்சட்டம் இயற்றியது. அதில் ஒரு பிரிவு என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது. பெற்றோரை இழந்த, அல்லது பெற்றோரால் பராமரிக்க முடியாத குடும்பத்தில், 12 வயதுக்கு மேல் 18க்குக் கீழ் உள்ள, போதிய விளக்கமுள்ள மூத்த பிள்ளை, தம்பி தங்கைக்குப் பாதுகாவலராக நின்று பாடசாலையில் சேர்க்கலாம், சிகிச்சைக்குக் கையொப்பமிடலாம். வாப்பாவும் உம்மாவும் இல்லாத வீட்டில் உண்மையில் நடப்பது இதுதான் என்பதைக் கண்டுகொண்ட சட்டம் அது. யத்தீம்களைப் பற்றி மிம்பரில் அடிக்கடி பேசும் நாம் இப்படி ஒரு ஏற்பாட்டை இங்கே கேட்டிருக்கின்றோமா?

இனி, எமது வாசகர்கள் அதிகம் கேட்கக்கூடிய இரண்டு விடயங்கள். நோன்பு: நாளுக்கு ஒரு குளிசை எடுப்பவர் உடல்நலத்தோடு இருந்தால் நோன்பு திறந்த பிறகோ சஹரிலோ அதை எடுத்துக்கொள்ளலாம். ரமழானுக்கு முன்னர் வைத்தியரிடம் நேரத்தைப் பேசிக்கொண்டால் சரி. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளும் நெஞ்செரிவு மருந்தும் டொலுடெக்ராவிரின் வேலையைக் குறைக்கும் என்பதால் அவற்றையும் சொல்லவேண்டும். பிரச்சினை குளிசையில் இல்லை. நோன்பு காலத்தில் வீடு நிறைய ஆட்கள், "என்ன குளிசை?" என்ற கேள்வி. அதற்குப் பயந்துதான் பிள்ளை ஒரு மாதம் விட்டுவிடும்.

அடுத்தது திருமணம். மருந்தை ஒழுங்காக எடுத்து, பரிசோதனையில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து துணைக்குத் தாம்பத்தியத்தால் தொற்றுவதில்லை. பல நாடுகளில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள ஜோடிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில், இப்படி மருந்தெடுத்த துணையிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை. தொற்றுள்ள பெண் தொற்றில்லாத பிள்ளையைப் பெறலாம். எனவே இந்தப் பிள்ளைகளுக்கு நிகாஹ் கிடையாது என்று எவரும் முடிவுகட்டத் தேவையில்லை. மறைத்துச் செய்வதை நான் ஆதரிக்கவில்லை. மணமுடிக்கப் போகின்றவரிடம் சொல்லவேண்டும், சொல்பவர் அந்தப் பிள்ளையாகவே இருக்கவேண்டும், பக்கத்தில் வைத்தியர் இருந்து விளக்கவேண்டும். தரகரும் மாமியும் சொல்லும் விடயமல்ல இது. மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முஸ்லிம்களுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையை 2001இலேயே கட்டாயமாக்கியது. கட்டாயம் நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் தொற்று இருப்பது தெரிந்தாலும் நிகாஹ் தடைசெய்யப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்படியொரு பிள்ளை எமது பகுதியைச் சேர்ந்ததாக மட்டுமே இருக்கவேண்டும் என்றில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பத்தொன்பது, இருபது வயதில் பிள்ளைகள் வந்து விடுதியில் தங்குகின்றார்கள். வீட்டை விட்டு முதல்முறை வந்த மாணவன் ஒருவன் குளிசைப் போத்தலை எங்கே வைப்பான், மூன்று நண்பர்கள் உள்ள அறையில் எத்தனை மணிக்கு எடுப்பான், இங்கிருந்து எந்த கிளினிக்குக்குப் போவான்? அவனுடைய பழைய கிளினிக், பல்கலைக்கழக அனுமதி கிடைத்த அன்றே இந்தப் பக்கத்து கிளினிக்கோடு பேசி, பெயரும் தொலைபேசி இலக்கமும் வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். பெயர்ப்பலகையை மாற்றுவதற்குச் சுற்றுநிருபம் வேண்டுமென்றால், அதுவரைக்கும் இளையவர்களுக்கு வேறொரு நேரமோ வேறொரு வாசலோ ஒதுக்கலாம். முதல் வருடத்தில் கிளினிக் தவறினால் தாதி ஒரு அழைப்பு எடுக்கலாம். அந்த அழைப்பு யாருடைய தொலைபேசிக்கு வரவேண்டும், உம்மாவினுடையதற்கா பிள்ளையினுடையதற்கா என்பதை, இருவரையும் அருகருகே இருத்தி, பதினாறு வயதிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.